மழைக் கணக்கு ஏன் தப்புகிறது? தொடக்க நிலை நிரல்களின் பிழைகள் குறித்த ஆய்வுகள்

ஒவ்வொரு நாளும் பெய்த மழையின் அளவை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். 99999 என்று தட்டினால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவரை வந்த எண்களின் சராசரியைச் சொல்ல வேண்டும். 1980களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவேயும் அவருடன் பணியாற்றியவர்களும் மாணவர்களுக்குக் கொடுத்த கணக்கு இது. பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். நிரலாக்கம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிலேயே பெரும்பாலோர் அதைச் சரியாக எழுதவில்லை. அன்று முதல் கணினிக் கல்வி ஆய்வாளர்களிடையே இதற்கு ‘மழைக் கணக்கு’ என்றே பெயர். மொழிகள் மாறின, கருவிகள் மாறின. கணக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுகிறது, தவறுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து ஏரிகளைப் பார்த்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு மழையின் சராசரி அன்றாட விஷயம். அங்குள்ள மேல்நிலைப் பள்ளிகளின் கணினி அறிவியல் மாணவர்கள் தமிழ்நாட்டின் பிற மாணவர்களைப் போலவே பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற வரிசையில் படிக்கிறார்கள். புதிய பாடத்திட்டம் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் இப்படி அமைந்தது. கூட்டல், சராசரி, பெரிய எண், சிறிய எண் ஆகியவைதாம் அவர்களின் முதல் நிரல்கள். அந்த நிரல் எந்த இடத்தில் தவறுகிறது, தவறிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்ற கேள்விக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன.

ஒரே நிரலில் எத்தனை விதம்

விடைகளுக்குப் போகும் முன் நிரலைக் கிட்டே வைத்துப் பார்ப்பது நல்லது. ‘மொத்தம்’, ‘எண்ணிக்கை’ என இரண்டு மாறிகள், ஒரு மடக்கு, கடைசியில் ஒரு வகுத்தல். பைத்தானில் இன்புட் கட்டளை வழியாக வரும் எதுவும் சரமாகத்தான் வரும், எண்ணாக வராது. அதை எண்ணாக மாற்ற மறந்துவிட்டு மொத்தத்தோடு கூட்டினால் நிரல் அங்கேயே நின்று பிழைச் செய்தி காட்டும். மாணவருக்கு இது அதிர்ச்சியாக இருந்தாலும் உண்மையில் நல்ல காலம்தான். அதே சரங்களைப் பட்டியலில் போட்டு மிகப் பெரியதைக் கேட்டால் 85-ஐ விட 9 பெரியது என்று விடை வரும். எழுத்து வரிசையில் 8-க்குப் பின்தான் 9 வருகிறது. செய்தி எதுவும் வராது.

அடுத்து, நிறுத்தக் குறி. எண்ணை வாங்கியதும் மொத்தத்தில் சேர்த்துவிட்டு, அதன் பிறகே அது 99999-ஆ என்று சோதிக்கும் நிரலுக்கு 0, 4, 8 என்று கொடுத்து நிறுத்தினால் சராசரி 25002.75 என்று காட்டும். சரியான விடை 4. அதைத் திருத்திய நிரலிலும் முதலிலேயே 99999 என்று தட்டினால் எண்ணிக்கை பூச்சியமாகி வகுத்தல் முறிந்துபோகும். சி பிளஸ் பிளஸில் முழு எண் மாறிகளை வைத்து 0, 4, 9 ஆகியவற்றின் சராசரி கேட்டால் 4 மட்டும் வரும். 13-ஐ 3-ஆல் வகுக்கும்போது தசமப் பகுதி உதிர்ந்துவிடுகிறது. பைத்தானில் அதே வகுத்தல் குறி 4.33 என்று தரும். ஓராண்டில் ஒரு மொழியில் பழகிய கை மறு ஆண்டில் இன்னொன்றுக்குப் போகும்போது இந்த வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திட்ட விலக்கத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் விலக்கங்களின் வர்க்கக் கூடுதலை உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறது. 0, 4, 8 ஆகியவற்றுக்கு அந்த வழியில் 3.27 வரும். பைத்தான் 3.4 முதல் கூடவே வரும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தொகுதியில் மாணவர் முதலில் கண்ணில் படுவதைப் பயன்படுத்தினால் 4 வரும். அது மாதிரிக்கான சூத்திரம், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறது. முழுத் தொகுதிக்கான சூத்திரம் அதே இடத்தில் வேறு பெயரில் இருக்கிறது. இரண்டு விடைகளுமே சரி. ஆனால் தம் நிரலில் பிழை இருப்பதாக நம்பி, சரியாக எழுதிய வரிகளையெல்லாம் மாணவர் கலைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

பாடப்புத்தகங்கள் பிழைகளைத் தொடரியல் பிழை, இயக்க நேரப் பிழை, தருக்கப் பிழை என மூன்றாகப் பிரிக்கின்றன. பிழை எந்தக் கட்டத்தில் வெளியே தெரிகிறது என்பதை இந்தப் பிரிவு சொல்கிறது. ஏன் வந்தது என்பதைச் சொல்வதில்லை. ஆய்வாளர்களின் சர்ச்சை முழுவதும் அந்த ‘ஏன்’ பற்றியது.

முதல் விடை: ஒழுங்கின்மை

1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் சில வாரங்களில் ஒரு நிரல் எழுதினார். 126 வரிகள் கொண்ட அதில் சுமார் இருபது பிழைகள் இருந்ததாகப் பின்னர் அந்த நாடாவை ஆராய்ந்த மார்ட்டின் கேம்பல்-கெல்லி எழுதினார். தம் மீதி வாழ்நாளில் கணிசமான பகுதி தம் நிரல்களின் தவறுகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று அப்போதுதான் உறைத்ததாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்பில் சொல்கிறார்.

இந்த நிலைமைக்குக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா சொன்ன மருந்து கடுமையானது. பிழையை வைத்துவிட்டுத் தேடாதே, பிழை நுழையாதபடி எழுது என்றார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று நிறுவ முடியாது என்பது அவர் வாதத்தின் அடித்தளம். பிழையை எங்கிருந்தோ ஊர்ந்து வந்த பூச்சி போலப் பேசுவதையும் அவர் 1988-இல் எழுதிய கட்டுரையில் கண்டித்தார். எழுதியவரின் தவறுக்கு எழுதியவரே பொறுப்பு என்பது அவர் கருத்து.

கொள்கையாக இதில் குறை காண்பது கடினம். ஆனால் தொடக்க மாணவரிடம் ‘கவனமாக எழுது’ என்பது, எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாதவரிடம் சொல்லும் அறிவுரை. தவிர, எவை பரவலான பிழைகள் என்பதில் ஆசிரியர்களின் கணிப்பே சரியாக இருப்பதில்லை. ப்ளூஜே மென்பொருளைப் பயன்படுத்தும் மாணவர்களின் நிரல்களைப் பெருமளவில் திரட்டி வைத்திருக்கும் ப்ளாக்பாக்ஸ் தொகுப்பைக் கொண்டு நீல் பிரவுனும் அம்ஜத் அல்டாத்மரியும் 2014-இல் இதைச் சோதித்தார்கள். ஆசிரியர்கள் தங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை, தரவுகளோடும் ஒத்துப்போகவில்லை.

இரண்டாம் விடை: இயந்திரத்தைப் பற்றிய தவறான கற்பனை

1986-இல் ராய் பீ ஒரு கருத்தை முன்வைத்தார். எந்த மொழியில் எழுதினாலும் தொடக்க மாணவர்களின் பல தவறுகளுக்கு அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. கணினிக்குள் தம் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் மறைந்திருக்கிறது என்ற நம்பிக்கை அது. ‘சராசரி’ என்று மாறிக்குப் பெயர் வைத்துவிட்டால் கணினிக்கு அது சராசரி என்று தெரிந்துவிடும் என மாணவர் நினைக்கிறார். அதே ஆண்டு பெனடிக்ட் டு பூலே, கற்பவர் மனத்தில் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பற்றிய ஒரு தெளிவான சித்திரம் உருவாக வேண்டும், அது உருவாகாதது முக்கியமான தடைகளில் ஒன்று என்று எழுதினார்.

இந்த விடைக்குப் பொருந்தும் பழக்கம் நம் கல்லூரிகளில் ‘ட்ரை ரன்’ என்று வழங்குவது. தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரி ஓடும்போதும் ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் எழுதிக்கொண்டே போவது. மேலே சொன்ன 25002.75-ஐக் கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நான்காவது சுற்றில் மொத்தம் 12-இலிருந்து 100011-ஆகத் தாவுவது கட்டத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் ட்ரை ரன் தானாக வருவதில்லை. 2004-இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தபோது, தரப்பட்ட சிறு நிரலின் அவுட்புட்டைக் கண்டுசொல்லவே பலர் திணறினார்கள். எழுதத் தெரியவில்லை என்று நாம் நினைக்கும் மாணவருக்குப் படிக்கவே தெரியாமல் இருக்கலாம்.

மூன்றாம் விடை: துண்டுகளைப் பின்னுவது

சோலோவேயின் குழு வேறு இடத்தைச் சுட்டியது. கூட்டத் தெரிந்த மாணவருக்கு எண்ணவும் தெரியும், மடக்கு எழுதவும் நிறுத்தக் குறியைச் சோதிக்கவும் தெரியும். இவை நான்கையும் ஒரே மடக்குக்குள் எந்த வரிசையில் பின்னுவது என்பதுதான் தெரிவதில்லை. ஜேம்ஸ் ஸ்போரரும் சோலோவேயும் 1986-இல் மாணவர் பிழைகளை ஆராய்ந்து, மொழிக் கட்டளைகளைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வரும் பிழைகள் பொதுவாக நம்பப்படும் அளவுக்கு இல்லை என்றார்கள். அவர்கள் கண்ட இன்னொன்று ஆறுதல் தருவது. ஒரு சில வகைப் பிழைகளே மொத்தப் பிழைகளின் பெரும்பகுதியாக இருந்தன.

2014-இல் கேத்தி ஃபிஸ்லர் இதே கணக்கைச் சார்புகளை மையமாகக் கொண்ட மொழிகளில் படித்த மாணவர்களுக்குக் கொடுத்தார். முந்தைய ஆய்வுகளைவிடப் பிழைகள் குறைந்தன. முதலில் வேண்டாதவற்றை வடிகட்டு, பிறகு கூட்டு, பிறகு எண்ணு, கடைசியில் வகு என்று தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் பின்னல் சிக்கல் தளர்கிறது. ஒரு எச்சரிக்கையும் தேவை. அங்கே எண்கள் பட்டியலாகவே கையில் கொடுக்கப்பட்டன, விசைப்பலகையில் ஒவ்வொன்றாக வரவில்லை. முன்னேற்றத்தில் எவ்வளவு மொழியால் வந்தது, எவ்வளவு கணக்கு எளிதானதால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆனாலும் பைத்தான் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. எண்களை முதலில் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, கணக்கைப் பிறகு பார் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

நான்காம் விடை: பிழையே பாடம்

சீமோர் பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் கேள்வியையே திருப்பிப்போட்டார். பள்ளிக்கூடம் விடையைச் சரி, தவறு என்று மட்டும் பார்க்கிறது. நிரல் எழுதும் குழந்தையோ தவறை எடுத்து ஆராய்கிறது, சரிசெய்கிறது. அந்த ஆராய்ச்சிதான் கல்வி என்றார். மனத்தைத் தொடும் வாதம். ஆனால் குழந்தைகளுக்கான லோகோ மொழியை வெறுமனே விளையாடக் கொடுத்தால் அத்தகைய சிந்தனைத் திறன் தானே வளரும் என்பதற்கு, பீயும் மிடியன் கர்லண்டும் 1984-இல் செய்த ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. ஷரன் கார்வரும் டேவிட் க்ளாரும் பிழை தேடும் படிகளை வெளிப்படையாகக் கற்பித்தபோது பலன் கிடைத்தது. நிரலுக்கு வெளியே, எழுதிய வழிகாட்டுக் குறிப்புகளில் உள்ள தவறுகளைத் திருத்தும்போதும் குழந்தைகள் அந்தத் திறனைக் காட்டினார்கள்.

எனவே பிழை தேடுவது தனியாகக் கற்பிக்க வேண்டிய திறன் என்ற முடிவுக்கு ஓரளவு வலுவான சான்று இருக்கிறது. டேவிட் பெர்கின்ஸ் குழுவினர் 1986-இல் கண்ட மாணவர் வகைகள் எந்த லேபிலும் கண்ணில் படுபவை: பிழை வந்ததும் கையைக் கட்டிக்கொள்பவர்கள், யோசித்து நகர்பவர்கள், ஒரு வரியை மாற்றி ஓட்டி, இன்னொன்றை மாற்றி ஓட்டி, மூன்றாவது மாற்றத்தில் முதல் மாற்றத்தை மறந்துவிடுபவர்கள். பிழையைத் திருத்துவதைவிட அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே கடினம் என்று இர்வின் கட்ஸும் ஜான் ஆண்டர்சனும் 1987-இல் காட்டினார்கள். 2005-இல் மர்ஸியா அஹ்மத்ஸாதேவும் சக ஆய்வாளர்களும் கண்டது ஆசிரியர்கள் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டியது. நன்றாகப் பிழை திருத்துபவர்களில் பெரும்பாலோர் நன்றாக நிரல் எழுதுபவர்கள். ஆனால் நன்றாக எழுதுபவர்களில் பாதிப் பேர்கூட நன்றாகப் பிழை திருத்துபவர்களாக இல்லை.

மொழித் தடை பற்றிய விடை

தமிழ் வழியில் படிக்கும் மாணவருக்குப் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. தடை அதுதான் என்போர் பலர். ஃபிலிப் குவோ 2018-இல் 86 நாடுகளைச் சேர்ந்த 840 பேரிடம் கேட்டறிந்ததில், ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் ஒரே நேரத்தில் கற்பது இரட்டைச் சுமை என்ற குறை தொடர்ந்து வெளிப்பட்டது. சாயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017-இல் ஸ்க்ராட்ச் நிரலாக்க மொழியின் பயனாளர்களை ஆராய்ந்து, கட்டளைகள் தாய்மொழியில் இருந்தவர்கள் புதிய கட்டளைகளை விரைவாகக் கையில் எடுத்தார்கள் என்றார்கள். தமிழில் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி 2009-இலேயே ஆய்வுக் கட்டுரையாக அறிமுகமானது. பைத்தான் மேல் கட்டப்பட்ட அதில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என்று நேரடியாக எழுதலாம். பைத்தான் 3-இலேயே மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்பதும், எண்ணாக மாற்றும் கட்டளை ௧௨ என்ற தமிழ் எண்களையும் 12 என்று ஏற்றுக்கொள்ளும் என்பதும் பலர் அறியாதவை. பத்தைக் குறிக்கும் ௰ போன்ற குறிகளை அது ஏற்பதில்லை.

செய்திகளைத் தெளிவாக்குவது மட்டும் போதுமா என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. பால் டென்னி குழுவினர் 2014-இல் விரிவான செய்திகளால் பெரிய பயனில்லை என்றார்கள். ப்ரெட் பெக்கர் 2016-இல் பயனுண்டு என்றார். 2021-இல் வந்த பைத்தான் 3.10 பல தொடரியல் செய்திகளைத் திருத்தித் தெளிவாக்கியது. இவையெல்லாம் கணினி வாய் திறக்கும் பிழைகளுக்குத்தான் உதவும். 9-ஐ 85-ஐ விடப் பெரிதாகக் காட்டும் நிரலுக்கு எந்த மொழியிலும் செய்தி கிடையாது.

அதிகம் பேசப்படாத விடை: எண்ணின் பொருள்

மேற்சொன்ன விடைகள் எல்லாம் நிரலுக்குள் நிற்கின்றன. புள்ளியியல் நிரலுக்கு அது போதாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. திருவண்ணாமலையின் மழையையே எடுத்துக்கொள்வோம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு நாளின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேர மழை. டிசம்பர் 1 மாலை கொட்டிய மழை டிசம்பர் 2-ஆம் தேதிப் பதிவில் சேரும். 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். எனவே ‘மழை நாளின் சராசரி மழை’ என்று கேட்டால் பூச்சியத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் எண்ணும் நிரல் தவறானது, ஒரு வரியிலும் பிழை இல்லாவிட்டாலும். அந்தத் துறை வெளியிடும் கட்டமிட்ட மழைத் தரவுகளில் அளவீடு இல்லாத இடத்தை −999 குறிக்கிறது. ஃபிஸ்லரின் கணக்கில் அதே −999 பட்டியலின் முடிவைக் குறிக்கிறது. ஒரு எண், இரண்டு பொருள். முதல் தரவை இரண்டாவது நிரலில் ஓட்டினால் முதல் விடுபட்ட நாளோடு மாதம் முடிந்துபோகும்.

விடுபட்ட நாளைப் பூச்சியமாக எழுதும் வழக்கம் இன்னும் பரவலானது. 10, 20, விடுபட்டது என்ற மூன்று நாள்களில் விடுபட்டதை நீக்கினால் சராசரி 15, பூச்சியமாக்கினால் 10. மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும் ஒன்றாகிவிடுகின்றன. பழைய பதிவுகளைத் தேடுபவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்த பிறகுதான் திருவண்ணாமலை தனி மாவட்டம். அதற்கு முந்தைய ‘மாவட்டச் சராசரி’ வேறு நிலப்பரப்பைச் சேர்ந்தது.

விடை சரியாக வந்த பிறகும் கேள்வி முடிவதில்லை. முப்பது நாள் மாதத்தில் இருபத்தொன்பது நாள் வறண்டு கிடந்து ஒரே நாளில் 300 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொண்டால் சராசரி 10, இடைநிலை அளவு 0. இரண்டுமே அந்த ஒரு நாளைச் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையில், மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மழைக் கணக்கில் மிகப் பெரிய எண்ணைத் தனியாகக் காட்டச் சொல்வது பாடப்பயிற்சிக்காக மட்டும் இல்லை என்பதை அந்த ஊர் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

ஜேம்ஸ் ஃபின்னி-ஆன்ஸ்லி குழுவினர் 2022-இல் ஓப்பன்ஏஐ-யின் நிரல் எழுதும் கருவியான கோடெக்ஸுக்கு முதலாண்டுத் தேர்வு வினாக்களோடு மழைக் கணக்கின் பல வடிவங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். தேர்வில் அது வகுப்பின் பெரும்பாலான மாணவர்களை முந்தியது. இன்று இத்தகைய கருவியில் பிழைச் செய்தியை அப்படியே ஒட்டினால் தமிழிலேயே விளக்கம் கிடைக்கிறது. மொழித் தடையைக் குறைக்க இது உதவக்கூடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் −999 எதைக் குறிக்கிறது என்பது நிரலில் எழுதியிருக்காது. அதைக் கேட்கத் தெரிந்தவருக்கே சரியான விடை கிடைக்கும்.

இன்னும் தீராதவை

ஒழுங்கு, இயந்திரச் சித்திரம், பின்னல், வெளிப்படையான பயிற்சி, மொழி ஆகிய ஒவ்வொன்றும் பிழைகளின் ஒரு பகுதியை விளக்குகின்றன. எது எவ்வளவு என்பது தீரவில்லை. சான்றுகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய வகுப்பறைகளிலிருந்து வந்தது. சி பிளஸ் பிளஸிலிருந்து பைத்தானுக்கு ஓராண்டில் தாவும் தமிழ்வழி மாணவருக்கு அவை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கருவி விளக்கம் தரும்போது மாணவரின் தேடும் திறன் வளர்கிறதா, தேய்கிறதா என்பதும் அண்மைக் கேள்வி, விடை முதிரவில்லை.

ஆனால் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண். அதில் ஒரு பகுதியையாவது, ஓடும் ஆனால் தவறான விடை தரும் ஒரு நிரலைக் கொடுத்து, தவறு எங்கே என்று ட்ரை ரன் எழுதிக் காட்டச் சொல்வதற்கு ஒதுக்கலாம். சரியான நிரலை மனப்பாடம் செய்து எழுதும் மாணவரையும் நிரலைப் படிக்கத் தெரிந்த மாணவரையும் அது பிரித்துக் காட்டும். லேபில் மாணவர்கள் செய்த தவறுகளை ஆசிரியர்கள் பெயரில்லாமல் குறித்துவைத்தால், தமிழ்வழி வகுப்பறையின் பிழைகளைப் பற்றி நம் சொந்தத் தரவும் உருவாகும். பாடத்திட்டக் குழு அடுத்த திருத்தத்தின்போது இவ்விரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.